அமெரிக்க கிராமத்து ஜனங்க மனு மேல மனு போட்டு தபாலை வாசலுக்கு வரவெச்ச கதை

கேள்வி இதுதான்: 1800கள்ல அமெரிக்க கிராமங்களுக்கு தபால் எப்படி போச்சு, வீட்டுக்கே லெட்டர் வர்ற வசதி ஜனங்க கேட்டு வாங்குனதா இல்ல கவர்மெண்ட்டே பாத்து குடுத்ததா, அது எல்லாருக்கும் கிடைச்சுதா. ரொம்ப நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல்லயே பதிலை சொல்லிடுறேன், கேட்டு வாங்குனதுதான். அதுவும் ஒரு தடவை கேட்டு கிடைக்கல, நூறு வருஷம் தலைமுறை தலைமுறையா மனு எழுதி கையெழுத்து சேத்து வாஷிங்டனுக்கு அனுப்பி அனுப்பி வாங்குனது. மேல பதவில இருந்த பல பேர் இது முடியாது, கட்டுப்படியாகாதுன்னுதான் சொன்னாங்க.

முதல்ல அந்தக் காலத்து தபால் எப்படின்னு புரிஞ்சுக்கணும். நம்ம மனசுல தபால்னா தபால்காரர் வீட்டுக்கு வர்றதுதான் தோணும், ஆனா 1863 வரைக்கும் அமெரிக்கால தபால்னா ஒரு போஸ்ட் ஆபீஸ்லருந்து இன்னொரு போஸ்ட் ஆபீஸ் வரைக்கும்தான். அதுக்கப்புறம் நீங்க போய் வாங்கிக்கணும். பெரிய நகரத்துல மட்டும் தனியா ஒண்ணு ரெண்டு சென்ட் வாங்கிட்டு வீட்டுக்கு கொண்டுவந்து குடுக்குற ஆளுங்க இருந்தாங்க, கிராமத்துல அதுவும் கிடையாது. கட்டணமும் சாதாரணம் இல்ல, 1816லருந்து 1845 வரைக்கும் ஒரே ஒரு தாள் லெட்டர் 400 மைலைத் தாண்டி போகணும்னா 25 சென்ட், ரெண்டு தாள் வெச்சா ரெண்டு மடங்கு, அந்தக் காசை பெரும்பாலும் வாங்குறவங்கதான் கட்டணும். அப்ப யோசிங்க, மேற்குப் பக்கம் குடியேறுன ஒருத்தருக்கு கிழக்குலருந்து அம்மா எழுதுன லெட்டர் வந்திருக்கு, அதை எடுக்க கையில காசு இல்லன்னா அது ஆபீஸ்லயே கிடக்கும், யார் யார் லெட்டர் எடுக்காம கிடக்குன்னு உள்ளூர் பேப்பர்ல பட்டியல் போடுவாங்க, அப்பவும் யாரும் வரலன்னா வாஷிங்டன்ல இருந்த டெட் லெட்டர் ஆபீஸுக்கு போயிடும். 1845ல சட்டம் மாத்தி 300 மைலுக்குள்ள 5 சென்ட், அதுக்கு மேல 10 சென்ட்னு குறைச்சாங்க, 1851ல முன்கூட்டியே கட்டுனா 3 சென்ட்டுன்னு வந்துச்சு. கட்டணக் குறைப்புக்கே பெரிய இயக்கம் நடந்துச்சு, ஆனா அதை முன்னால நின்னு நடத்துனது பெரும்பாலும் நகரத்து வியாபாரிங்க, கிராமத்து ஜனங்களோட முதல் கவலை வேற.

அவங்க கவலை, நம்ம பக்கம் தபால் ரூட் வருமா வராதாங்கறது. அமெரிக்க அரசியல் சட்டத்துலயே போஸ்ட் ஆபீஸும் தபால் ரோடும் ஏற்படுத்துற அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அவங்க பார்லிமெண்ட்டுக்குன்னு எழுதியிருக்கு. 1792ல வந்த தபால் சட்டம் எந்தெந்த வழியில தபால் போகணும்னு முடிவு பண்றதை காங்கிரஸ் கையிலயே வெச்சுது, அதிகாரிங்க கிட்ட விடல. இதனால என்ன ஆச்சுன்னா காட்டுக்குள்ள புதுசா குடியேறுன 30, 40 குடும்பம்கூட ஒண்ணு சேர்ந்து ஒரு தாள்ல எங்களுக்கு பக்கத்து போஸ்ட் ஆபீஸ் இவ்வளவு தூரம், நடுவுல ஆறு இருக்கு, மழைக்காலத்துல தாண்ட முடியாது, இந்த ஊர்லருந்து அந்த ஊருக்கு ஒரு தபால் ரோடு போடுங்கன்னு எழுதி கையெழுத்து போட்டு தங்கள் உறுப்பினருக்கு அனுப்பிடுவாங்க. அவருக்கு அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டு வேணும், தபால் ரோடு குடுக்குறது அவருக்கு சுலபமான நல்ல காரியம், காசு மத்திய கஜானாலருந்துதான் போகுது. அதனால மனு உள்ள போச்சுன்னா பாதிக்கு மேல வேலை முடிஞ்ச மாதிரி. 1790ல நாடு முழுக்க 75 போஸ்ட் ஆபீஸ்தான் இருந்துச்சு, 1830ல 8,450, 1850ல 18,417. ஜனத்தொகை ஏறுனதை விட பல மடங்கு வேகமா ஏறுன இந்த எண்ணிக்கைக்கு பின்னாடி அந்த மனுக்கள் இருக்கு. ஓட்டே இல்லாத பெண்கள், அடிமையா வெச்சிருந்த கறுப்பின மக்கள், நிலத்தை விட்டு விரட்டப்பட்ட பூர்வகுடிங்க, இவங்க குரல் இந்தக் கணக்குலயே இல்லங்கறதையும் சேத்து வெச்சுக்கங்க.

ரூட் வந்தா போதாது, ஆபீஸ் வேணும். அதுக்கு வாஷிங்டன்லருந்து ஒரு ஃபார்ம் வரும், பக்கத்து ஆறு எது, ரயில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், அடுத்த போஸ்ட் ஆபீஸ் எந்த திசையில, எத்தனை பேருக்கு பயன்படும், எல்லாம் நிரப்பி, கையால ஒரு மேப்பும் வரைஞ்சு அனுப்பணும். ஊருக்கு பேரும் இவங்களே சொல்லணும், அந்த பேர் அதே மாநிலத்துல ஏற்கனவே இருந்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க, அப்படி இப்படி மாத்தி மாத்தி வெச்சதுலதான் அமெரிக்கால இன்னைக்கும் விசித்திரமான ஊர் பேரெல்லாம் இருக்கு. ஆபீஸ்னா தனி கட்டடம் ஒண்ணும் கிடையாது, பெரும்பாலும் மளிகைக்கடையில ஒரு மூலையில பத்து இருபது அறை வெச்ச மர அலமாரி, கடைக்காரர்தான் போஸ்ட்மாஸ்டர். சின்ன ஆபீஸ்ல அவருக்கு வருமானம் அங்க விக்கிற, முத்திரை குத்துற ஸ்டாம்பு கணக்குல வர்ற கமிஷன், அது சொற்பம். ஆனா லெட்டர் வாங்க வர்றவங்க உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிட்டு போவாங்கல்ல, அதுதான் லாபம். ஆட்சி மாறுனா இந்த போஸ்ட்மாஸ்டரும் மாறுவார், கட்சிக்காரருக்கு குடுக்குற பதவி அது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வீட்டு டெலிவரிக்கு எதிர்ப்பு எங்கருந்து வந்துச்சுன்னு புரியும்.

மனுவோட பலத்தை காங்கிரஸும் ஜனங்களும் மட்டும் புரிஞ்சுக்கல, திருடங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. 1845 சட்டப்படி ரயில் போகாத வழியில தபால் தூக்குற வேலையை யார் கம்மி ரேட்டுக்கு கேக்குறாங்களோ அவங்களுக்கு குடுக்கணும், குதிரையோ வண்டியோ எதுல வேணா கொண்டு போகலாம், வேகமா, நிச்சயமா, பத்திரமா போகணும் அவ்வளவுதான். இந்த மூணு வார்த்தையை ஒவ்வொரு தடவையும் எழுத முடியாம ரிஜிஸ்டர்ல மூணு நட்சத்திரக் குறி போட்டாங்க, அதனால ஸ்டார் ரூட்னு பேர் வந்துச்சு. 1870கள்ல மேற்குப் பக்கத்து ரூட்டுங்கள்ல என்ன நடந்துச்சுன்னா, கான்ட்ராக்டர் ரொம்ப கம்மிக்கு கேட்டு ரூட்டை பிடிப்பாரு, அப்புறம் அந்த ரூட்ல இருக்குற ஜனங்க பேர்ல வாரம் ஒரு தடவை பத்தாது, தினமும் வேணும், இன்னும் வேகமா வேணும்னு மனு போகும். தபால் துறையோட தலைவரை போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்னு சொல்வாங்க, அவருக்கு கீழ ரெண்டாவது உதவி போஸ்ட்மாஸ்டர் ஜெனரலா இருந்த தாமஸ் பிராடி அதைக் காட்டி புது டெண்டரே இல்லாம தொகையை பல மடங்கு ஏத்தி குடுத்துடுவாரு. மனுல சிலது ஜனங்க நிஜமாவே போட்டது, சிலது கான்ட்ராக்டர் ஆளே எழுதி கையெழுத்து வாங்குனது, சிலது திருத்துனது. 1881ல ஜனாதிபதி கார்ஃபீல்ட் ஆட்சியில போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் தாமஸ் ஜேம்ஸ் தோண்டி எடுத்தாரு, முன்னாள் செனட்டர் ஸ்டீஃபன் டார்ஸியும் மாட்டுனாரு, 1882லயும் 1883லயும் கேஸ் நடந்து கடைசில முக்கியமானவங்க எல்லாம் விடுதலை. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் என்னன்னா, உண்மையா கேட்ட ஒரு கிராமத்தோட மனுவும் அதுக்கப்புறம் சந்தேகத்தோட பாக்குற நிலைமை வந்துச்சு, தப்பு பண்ணவன் தப்பிச்சான், கேட்டவன் பேர் கெட்டுச்சு.

இப்ப 1863க்கு வாங்க. அந்த வருஷம் ஜூலை 1ல 49 நகரங்கள்ல வீட்டுக்கே இலவசமா தபால் குடுக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு 1887ல 10 ஆயிரம் பேர் இருக்குற ஊர், இல்லன்னா 10 ஆயிரம் டாலர் தபால் வருமானம் இருக்குற ஊர்னு விதி வந்துச்சு, 1890ல 454 ஊர்கள்ல வீட்டுக்கே தபால் போச்சு. ஆனா அதே 1890ல நாட்டுல ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் பேர், அதாவது நூத்துக்கு 65 பேர் கிராமத்துலதான் இருந்தாங்க. நகரத்துக்காரனும் லெட்டருக்கு 2 சென்ட் கட்டுறான், நானும் 2 சென்ட்தான் கட்டுறேன், அவனுக்கு வாசல்ல வருது, நான் மட்டும் சேத்துல குதிரையை ஓட்டிட்டு அரை நாள் வேலையை விட்டுட்டு போகணும், போனா லெட்டர் இருக்கோ இல்லையோன்னு தெரியாது. இதுதான் விவசாயிங்களோட வாதம், இதுக்கு யார்கிட்டயும் சரியான பதில் இல்ல. மிசௌரில ஒரு விவசாயி கணக்கு போட்டு சொல்லியிருக்காரு, 15 வருஷத்துல லெட்டர் எடுக்க மட்டும் போஸ்ட் ஆபீஸுக்கு போயிட்டு வந்ததுல 12 ஆயிரம் மைல் ஆயிருக்குன்னு.

இந்தக் கோபத்துக்கு ஒரு அமைப்பு கிடைச்சுது, 1867ல ஆரம்பிச்ச கிரேஞ்ச்ங்கற விவசாயிகள் சங்கம். ஊர் ஊருக்கு கிளை, அதுல பெண்களும் உறுப்பினர், ஒரு தீர்மானம் போட்டா நாடு முழுக்க கிளைங்கள்லருந்து ஒரே மாதிரி மனு வாஷிங்டனுக்கு போய் குவியும். மேலயும் ஒருத்தர் காது குடுத்து கேட்டாரு, 1889லருந்து 1893 வரைக்கும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலா இருந்த ஜான் வானமேக்கர், பிலடெல்பியால பெரிய துணிக்கடை வெச்சிருந்த வியாபாரி. அவரு 1891ல 46 சின்ன ஊர்கள்ல வீட்டு டெலிவரியை 10 ஆயிரம் டாலர் செலவுல சோதனை பண்ணி பாத்தாரு, நல்லாவே நடந்துச்சு. 1892 ஜனவரில மிச்சிகன் உறுப்பினர் ஜேம்ஸ் ஓ'டானெல் 60 லட்சம் டாலர் கேட்டு மசோதா கொண்டுவந்தாரு, அது தோத்துப்போச்சு. 1893ல ஜார்ஜியாவைச் சேர்ந்த டாம் வாட்சன், விவசாயிங்க ஆதரவுல வளந்த பாப்புலிஸ்ட் கட்சிக்காரர், கிராமத்துக்குன்னே வெறும் 10 ஆயிரம் டாலர் ஒதுக்க வெச்சாரு. இவரைப் பத்தி ஒண்ணு சொல்லாம போக முடியாது, அப்ப ஏழை விவசாயிங்களுக்காக பேசுன இதே மனுஷன் பிற்காலத்துல கறுப்பின மக்களுக்கும் யூதர்களுக்கும் எதிரா ரொம்ப கொடூரமா எழுதுனவரு, அதனால அவரை ஹீரோவா தூக்கி வெச்சு எழுதுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல.

காசு ஒதுக்கியும் வேலை நடக்கல. அடுத்து வந்த போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் வில்சன் பிஸெல், இது நடைமுறைக்கு ஒத்துவராது, நாட்டுக்கு தாங்காதுன்னு சொல்லி அந்தப் பணத்தைத் தொடவே இல்ல. 1894ல காங்கிரஸ் இன்னும் 20 ஆயிரம் டாலர் சேத்துச்சு, அப்பவும் செலவு பண்ணல. கிரேஞ்ச் விடல, மனு போய்ட்டே இருந்துச்சு. 1896ல இன்னொரு 10 ஆயிரம் சேத்து மொத்தம் 40 ஆயிரம் ஆச்சு, அப்ப பதவில இருந்த வில்லியம் வில்சனுக்கும் இதுல பெரிய நம்பிக்கை இல்லாட்டியும் சோதிச்சு பாத்துடலாம்னு முடிவு பண்ணி தன் சொந்த மாநிலமான மேற்கு வர்ஜீனியாலயே 1896 அக்டோபர் 1ம் தேதி சார்ல்ஸ் டவுன், ஹால்டவுன், யுவிலாங்கற மூணு இடத்துலருந்து அஞ்சு ஆளுங்களை வெச்சு ஆரம்பிச்சாரு. ஒரே வருஷத்துல 29 மாநிலங்கள்ல 44 ரூட். ஒரு தடவை வாசல்ல லெட்டர் வாங்குன ஜனம் அதை விடவே இல்ல, பக்கத்து கிராமம் பாத்துட்டு நமக்கும் வேணும்னு எழுத ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் எந்த போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாலயும் நிறுத்த முடியல.

இந்தக் கட்டத்துல மனுவே அதிகாரப்பூர்வ வழியா மாறிடுச்சு. ரூட் வேணும்னா அந்த வழியில இருக்குற குடும்பத் தலைவர்கள் கையெழுத்து போட்டு தங்கள் காங்கிரஸ் உறுப்பினர் மூலமா அனுப்பணும், பொதுவா 20லருந்து 25 மைல் சுத்தி வர்ற வழி, அதுல குறைஞ்சது 100 குடும்பமாவது இருக்கணும், துறையோட ஆள் வந்து வண்டியில போய் பாத்து ரோடு சரியா இருக்கு, கேட் இல்ல, பாலம் இருக்குன்னு சொன்னாத்தான் ஒப்புதல். இதுலதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் நடந்துச்சு, ரோடு சரியில்லன்னு மனு திரும்பி வந்தா ஜனங்க சும்மா இருக்கல, தாங்களே இறங்கி ரோடு போட்டாங்க. இண்டியானால ஒரு கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி ஒரு பகுதில, விவசாயிங்க தங்கள் கைக்காசு 2,600 டாலருக்கு மேல போட்டு ஒரு ரோட்டை சமப்படுத்தி ஜல்லி போட்டாங்க, தபால் ரூட் கிடைக்கணுங்கறதுக்காக மட்டும். 1897லருந்து 1908க்குள்ள உள்ளூர் நிர்வாகங்கள் பாலம், சின்னப் பாலம், ரோடுன்னு ஏறக்குறைய 7 கோடியே 20 லட்சம் டாலர் செலவு பண்ணதா கணக்கு இருக்கு. கார் வந்ததாலதான் அமெரிக்கால நல்ல ரோடு வந்துச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர், கார் பெருகுறதுக்கு முன்னாடியே லெட்டருக்காக ரோடு போட்ட ஊருங்க இவ்வளவு இருக்கு.

பெட்டியும் விவசாயியே வைக்கணும். ஆரம்பத்துல கையில கிடைச்சதை கம்பத்துல மாட்டுனாங்க, கொழுப்பு வாங்குன தகர வாளி, சோப்பு பெட்டி, எல்லாம். மழைல லெட்டர் நனைஞ்சு போச்சுன்னு புகார் வரவும் 1901ல துறை கமிட்டி போட்டு, வந்த 63 மாடல்ல 14 மாடலை மட்டும் ஏத்துக்கிட்டாங்க. தபால் கொண்டு வர்ற கேரியர் தன் சொந்தக் குதிரை, சொந்த வண்டியில வரணும், அவரு கிட்டயே ஸ்டாம்பு வாங்கலாம், ரிஜிஸ்டர் பண்ணலாம், மணி ஆர்டர் அனுப்பலாம். 1902ல அவரு வருஷ சம்பளம் 600 டாலர், குதிரைத் தீனியும் அதுலருந்துதான்.

இதனால என்ன மாறுச்சுன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது பேப்பர். அதுவரைக்கும் கிராமத்து வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் வாரப்பத்திரிகைதான், 1851லருந்தே அதே கவுண்டிக்குள்ள அதை தபால்ல இலவசமா அனுப்பலாம். தினசரி தபால் வந்ததும் தினசரி பேப்பர் வந்துச்சு, கோதுமை இன்னைக்கு சிகாகோல என்ன விலைன்னு அன்னைக்கோ மறுநாளோ தெரிஞ்சுது, வியாபாரி சொல்றதை மட்டும் நம்பி விக்க வேண்டிய நிலைமை குறைஞ்சுது. இந்த வசதி இருக்குற இடத்துல நிலத்தோட விலையே ஏக்கருக்கு 2, 3 டாலர் ஏறுச்சுன்னு 1900ல போஸ்ட்மாஸ்டர் ஜெனரலோட ஆண்டறிக்கையிலயே எழுதியிருக்காங்க, துறை தன்னைத் தானே புகழ்ந்துக்கிட்டது கொஞ்சம் இருக்கும்னு வெச்சுக்கிட்டாலும் விவசாயிங்க அந்த மாதிரி எழுதுன கடிதங்க நிஜம். தனியா பண்ணை வீட்டுல வாரக்கணக்குல வெளி ஆள் முகம் பாக்காம இருந்த பெண்களுக்கு இது என்னவா இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிக்கிறது உண்டு.

எல்லாருக்கும் கிடைச்சுதான்னு கேட்டீங்க, இல்ல. ரூட்டுங்க அதிகமா போனது ஓஹையோ, இண்டியானா, இலினாய், அயோவா மாதிரி மத்திய மேற்கு மாநிலங்களுக்கு. அங்க நிலம் சமமா இருந்துச்சு, ரோடு இருந்துச்சு, ஜனம் நெருக்கமா இருந்துச்சு, ஆளுங்கட்சியான ரிபப்ளிகன் ஓட்டும் அங்கதான் இருந்துச்சு. தெற்கு மாநிலங்கள் ரொம்ப பின்தங்கிடுச்சு, அதுலயும் கறுப்பின விவசாயிங்க மனு போட்டாலும் அதை எடுத்துட்டுப்போக பெரும்பாலும் அவங்களுக்குன்னு உறுப்பினர் இல்ல, ஓட்டுரிமையையே பறிச்சுட்டு இருந்த காலம் அது. தெற்கு கரோலினால லேக் சிட்டிங்கற ஊர்ல 1897ல ஃப்ரேஸியர் பேக்கர்ங்கற கறுப்பின ஆசிரியரை போஸ்ட்மாஸ்டரா போட்டாங்க, அவரை எடுக்கணும்னு வெள்ளைக்காரங்க புகார் மேல புகார் அனுப்புனாங்க, எடுக்கலன்னதும் 1898 பிப்ரவரி 22 ராத்திரி அவரு வீட்டுக்கு, அதுவேதான் போஸ்ட் ஆபீஸும், தீ வெச்சு வெளிய ஓடி வந்தவங்களை சுட்டாங்க, அவரும் கைக்குழந்தை ஜூலியாவும் செத்துட்டாங்க. 1899ல சார்ல்ஸ்டன்ல கேஸ் நடந்துச்சு, ஜூரி ஒத்துப்போகல, ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. கிராமத்து ஜனங்க தபாலுக்கு போட்ட மனுங்களை நான் இவ்வளவு நேரம் மதிப்போட சொன்னேன், அதே மனு போடுற பழக்கம் அந்த ஊர்ல எதுக்கு பயன்பட்டுச்சுங்கறதையும் மறைக்கக் கூடாது.

கிடைச்ச இடத்துலயும் ஒரு விலை குடுத்தாங்க. 1899 டிசம்பர்ல மேரிலாண்ட்ல கரோல் கவுண்டி முழுக்க ஒரே நேரத்துல வீட்டு டெலிவரி கொண்டுவந்தாங்க, நாலு பெரிய தபால் வண்டி, அதுக்குள்ளயே ஒரு கிளார்க், கூட சின்ன ரூட் கேரியருங்க. அதுக்கு பதிலா அந்த கவுண்டில இருந்த 94 சின்ன போஸ்ட் ஆபீஸ்ல 63ஐ மூடிட்டாங்க. கடைக்காரங்க கொதிச்சுப் போனாங்க, மர அலமாரியும் போச்சு, லெட்டருக்கு வர்ற கூட்டமும் போச்சு. பழைய ஸ்டார் ரூட் கான்ட்ராக்டருங்களுக்கும் வேலை போச்சு. தினம் சாயங்காலம் கடை வாசல்ல உக்காந்து பேசிட்டிருந்த பெரியவங்களுக்கும் வருத்தம், ஊர் பேரே தபால் முகவரிலருந்து போயிடுச்சேன்னு. எதிர்ப்பு அதிகமாகவும் துறை விசாரிச்சு பாத்துச்சு, கொஞ்ச நாள் பழகுன பிறகு பெரும்பாலானவங்க புது முறையே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. 1902 ஜூலை 1லருந்து இது சோதனை இல்ல, நிரந்தர சேவைன்னு ஆச்சு, 1905ல 32 ஆயிரத்துக்கு மேல ரூட். போஸ்ட் ஆபீஸ் எண்ணிக்கை 1901ல 76,945, அமெரிக்க வரலாத்துலயே அதுதான் உச்சம். 1920ல 52,641. தாத்தா காலத்துல எங்க ஊருக்கு ஒரு போஸ்ட் ஆபீஸ் குடுங்கன்னு எழுதுன பல ஊர்கள்ல பேரப்பிள்ளைங்க அந்த ஆபீஸை மூடாதீங்கன்னு அதே வாஷிங்டனுக்கு மனு எழுதுனாங்க, பெரும்பாலும் அதுக்கு பலன் கிடைக்கல.